கைநாட்டுக்கு முன்

என்னைக் காட்டிக்கொடுத்தது என் வலது கைதான்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், என் சாதிச் சான்றிதழ் விசாரணைக்காக மலை ஏறி வந்திருந்த அதிகாரிக்கும் அவருடைய எழுத்தருக்கும் அம்மா வாசலில் பாய் விரித்துச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் பரிமாறினாள். விருந்தாளி தனியாகச் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் நானும் ஒரு தட்டோடு உட்கார்ந்தேன். சோற்றில் கை வைப்பதற்கு முன் என் கை தன்பாட்டுக்கு நெற்றிக்குப் போனது. அங்கிருந்து நெஞ்சுக்கு, இடது தோளுக்கு, வலது தோளுக்கு. கடைசியில் விரல் நுனியை உதட்டில் ஒற்றி எடுத்தேன். ஐந்து வருஷப் பழக்கம். நான் சிலுவை போட்டேன் என்பதே எனக்குத் தெரியாது. அதிகாரி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுத்தரைத் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். எழுத்தர் மட்டும் இடது கையால் பக்கத்திலிருந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அந்தச் சான்றிதழ் திங்கட்கிழமைக்குள் கைக்கு வந்தால் பிளஸ் ஒன். வராவிட்டால் மாமா வீடு. நான் ஐந்து வருஷம் தங்கிப் படித்த கான்வென்ட்டில் பத்தாவது வரைதான் இருந்தது. மேலே படிக்கக் கீழே இன்னொரு பள்ளியில் எனக்கு இடம் வைத்திருந்தார்கள். அதோடு சேர்ந்த பழங்குடி மாணவியர் விடுதியில் தங்கிக்கொள்ளலாம். சான்றிதழோடு திங்கள் சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்த பெண்ணுக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாவின் அண்ணன் அதற்குள் இரண்டு முறை வெற்றிலை பாக்கோடு பெண் கேட்டு வந்து போயிருந்தார். பத்து படித்தாயிற்று, இன்னும் எதற்கு என்பது அவர் கட்சி. அப்பா அவரிடம் "ஆமா மச்சான்" என்றார். நான் மேலே படிக்கிறேன் என்றபோது என்னிடமும் "ஆமாம்மா" என்றார்.

அப்பாவின் ஆமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் மலையில் கீழேயிருந்து ஜீப்பில் யார் ஏறி வந்தாலும், அவர் போட்டிருப்பது காக்கிச் சட்டையோ வெள்ளைச் சட்டையோ, அவர் பேசப் பேச "ஆமாங்க, ஆமாங்க" என்பார்கள். அது பதில் இல்லை. நீங்கள் பேசுவது காதில் விழுகிறது, மேலே பேசுங்கள் என்பதற்கு உண்டான சத்தம். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் வந்தவர் கிளம்பிப் போனபிறகு சொல்வார்கள். வந்தவரை முகத்துக்கு நேரே மறுப்பது, வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவதற்குச் சமம். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அப்பாவுக்கு மற்றவர்களைவிட இரண்டு பங்கு உண்டு.

அப்படிப்பட்ட மனிதர் என்னைக் கான்வென்ட்டில் சேர்த்தது எப்படி என்று கேட்டால் சிரிப்பு வரும். புளி விற்கக் கீழே போனவர், பள்ளி விட்டு வரிசையாக நடந்துபோன பெண்களைப் பார்த்திருக்கிறார். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ. சாலையோரம் நின்ற ஒருத்தனும் அந்தப் பெண்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "எம் பொண்ணும் அப்பிடி நடக்கணும்" என்றார். படிப்பைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது அந்த நடைதான்.

நடை வந்தது. அதோடு இன்னும் பலதும் வந்தன. தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய சிஸ்டர் என்போம். ஒல்லியான உருவம், வெள்ளைச் சேலை. அவர் நடந்து வரும் சத்தமே கேட்காது. கேட்காததுதான் எங்களுக்குப் பயம். "இன்னா" என்று சொன்னால் உள்ளங்கையில் அடிமட்டத்தால் ஒன்று, "வூடு" என்றால் இன்னொன்று. முதல் வருஷம் நான் வாயைத் திறந்தாலே அடி என்பதால் வாயையே திறக்கவில்லை. வகுப்புப் பெண்களுக்கு என் இனத்தின் பெயர் வேறு வேடிக்கையாக இருந்தது. அரசாங்கக் காகிதத்தில் எங்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்களுக்குத் தெரிந்து நாங்கள் என்றைக்கும் ஜவ்வாது மலையில் சாமை விதைத்துக்கொண்டிருக்கிறவர்கள்தான். இரண்டு வருஷம் அவர்கள் என்னிடம் மலையாளத்தில் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சிலுவை வந்தது சாப்பாட்டுக் கூடத்தில். என் பக்கத்து இருக்கைக்காரி வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்கிற முஸ்லிம் வீட்டுப் பெண். சாப்பிடும் முன் எல்லாரும் எழுந்து நிற்கும்போது அவள் உள்ளங்கைகளை விரித்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பாள். முன்வரிசைக்காரிகள் சிலுவை போடுவார்கள். என்னிடம் சொந்தமாக ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் சாப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், பசித்திருக்க வேண்டும். கையை என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் நின்றவளைப் பார்த்து நானும் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பெரிய சிஸ்டருக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் விடுதிப் பெண்களுக்கு ஒரு தாள் சுற்றி வரும். குளிக்கும் நேரம், துணி உலர்த்தும் இடம், விளக்கணைக்கும் நேரம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கும். கீழே கையெழுத்துப் போட வேண்டும். எட்டாவதில் ஒரு சனிக்கிழமை, விளையாடப் போகிற அவசரத்தில் நானும் போட்டேன். மாலையில் சிஸ்டர் அந்தத் தாளைச் சத்தமாகப் படித்தார். நடுவில் ஒரு வரி இருந்தது: வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என் பங்கு முட்டையைப் பக்கத்து முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறேன். ஏறக்குறைய எல்லாருமே கையெழுத்துப் போட்டிருந்தோம். மூன்றே மூன்று பெண்கள் படித்துவிட்டு, போடாமல் வைத்திருந்தார்கள்.

முட்டை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். நான்கு வாரம் அந்த மூன்று பேரும் முட்டையை உரிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பசிக்கிற பிள்ளைகளின் தட்டிலிருந்து எடுத்துப் பாடம் நடத்துவதா என்று இன்றைக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் அதற்குப் பிறகு என் கண்முன் எந்தக் காகிதம் நீட்டப்பட்டாலும் எனக்கு அவித்த முட்டை வாசனை வரும். முழுக்கப் படிக்காமல் பேனாவைத் திறக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சாப்பிட்டு முடித்ததும் விசாரணை தொடங்கியது. அதிகாரி நாற்காலியில், எழுத்தர் பக்கத்தில் ஸ்டூலில். அப்பா அவர்களுக்கு எதிரே கைகட்டி நின்றார். அம்மா கதவோரம். விஷயம் கேள்விப்பட்டு ஊரில் பாதிப்பேர் வேலியோரம் வந்து நின்றார்கள். மாமாவும் இருந்தார்.

முதலில் என்னைக் கேட்டார்கள். கல்யாணத்தில் பரிசம் யார் யாருக்குத் தருவது என்றார் அதிகாரி. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குத் தருவார்கள் என்றேன். ஆடி மாதத்தில் ஊர்ச் சாமிக்கு என்ன செய்வீர்கள் என்றார். எனக்குத் தெரியவில்லை. கான்வென்ட்டில் ஆடிக்கு விடுமுறை கிடையாது. ஐந்து வருஷமாக அந்த மாதத்தில் நான் கீழே அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருந்தேன். அதையே சொன்னேன்: "அந்த நேரத்தில் நான் பள்ளியில் இருப்பேன், ஐயா. அதனால் நேரில் பார்த்ததில்லை."

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, மலைப்பொண்ணு பேசுற பேச்சா இது? பேச்சும் அப்பிடியில்ல, நிக்கிறதும் அப்பிடியில்ல."

எனக்குக் காது மடல் சுட்டது. இன்னா என்று சொன்னதற்கு என் கையைப் பழுக்க வைத்தவர்கள் ஒரு பக்கம். இன்னா என்று சொல்லாததற்குச் சந்தேகப்படுகிறவர் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் நடுவில் நான் எந்த மொழியில்தான் பேசித் தொலைப்பது.

பிறகு அதிகாரி அப்பாவைக் கேட்க ஆரம்பித்தார். நடுவில் அம்மா என்னைத் தண்ணீர் எடுத்துவர உள்ளே அனுப்பினாள். சொம்பைக் கழுவித் தண்ணீர் மொண்டுகொண்டு நின்றபோது வெளியே அதிகாரியின் குரலும் அதற்குப் பின்னாலேயே அப்பாவின் குரலும் கேட்டன. கேள்வி சரியாக விழவில்லை. பதில் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்தது. ஆமாங்க சார். ஆமாங்க சார். ஆமாங்க சார். பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. சொம்பிலிருந்த தண்ணீர் என் கால்மேல் தளும்பியது.

நான் வெளியே வந்தபோது மூன்று தாள்கள் எழுதி முடிந்திருந்தன. எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். அப்பாவின் இடது கட்டைவிரல் அதில் அழுந்தி எழுந்துவிட்டது. நீலமாக நனைந்த விரலை எழுத்தர் பிடித்துத் தாள் பக்கம் கொண்டுபோனார்.

"அப்பா, வைக்காத" என்றேன்.

நான் அவ்வளவு சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை. வேலியோரப் பேச்சு நின்றுவிட்டது. எழுத்தர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். படித்துப் பார்க்க வேண்டும் என்றேன். உன் அப்பா சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன், இதில் படிக்க என்ன இருக்கிறது என்றார் அவர். அதிகாரி வானத்தைப் பார்த்தார். மேலண்டைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடிப்பதற்குள் மலை இறங்க வேண்டும், இப்போது கையெழுத்து ஆகாவிட்டால் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன் என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதனால் அவர் செய்வார் என்று தெரிந்தது.

அம்மா பின்னாலிருந்து என் ஜடையைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடுடி. பெரியவங்ககிட்ட இன்னா பேச்சு பேசுற." மாமா வேலியோரத்திலிருந்து எதுவோ சொன்னார், இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா என்னையும் எழுத்தரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் விரல் காற்றில் நின்றது. மை ஒரு சொட்டு அவர் வேட்டியில் விழுந்தது.

நான் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையை எழுத்தரிடம் நீட்டினேன். "படிச்சதும் குடுத்துடுறேன் சார்" என்றேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஒரு பெரியவர் முன்னால் மலைப் பேச்சு வந்துவிட்டது. எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி சலிப்போடு தலையாட்டினார். தாள்கள் என் கைக்கு வந்தன.

சத்தமாகத்தான் படித்தேன். எல்லாரும் கேட்கட்டும் என்றுதான். முதல் தாளில் பெயர், ஊர், நிலத்தின் அளவு. தப்பில்லை. இரண்டாவது தாளின் நடுவில் முட்டை இருந்தது. நாங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு கிறிஸ்தவ மதத்தைத் தழுவிவிட்டோம். மலைவாழ் மக்களின் பழக்க வழக்கங்களை முற்றிலும் கைவிட்டுவிட்டோம். எங்கள் முன்னோர் சமவெளியிலிருந்து வியாபாரத்துக்காக வந்து இங்கே தங்கியவர்கள். மேற்கண்டவை என் சுய நினைவோடு சொன்னவை, படித்துக் காட்டக் கேட்டேன், சரியென ஒப்புக்கொள்கிறேன்.

வேலியோரத்தில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். யாரைச் சொன்னார்களோ தெரியாது.

இது எதுவும் நடக்கவில்லை என்றேன். விடுதியில் சாப்பிடும் முன் எல்லாரும் ஏதாவது செய்வார்கள், நானும் செய்தேன், வீட்டில் யாரும் எதிலும் சேரவில்லை என்றேன். எங்கள் இனத்துக்கு மதம் மாறினால்கூட அந்த ஒரு காரணத்துக்காகச் சான்றிதழை மறுக்க முடியாது என்பதைப் பல வருஷம் கழித்து வேலைக்கு வந்தபிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவும் இல்லை.

"உங்கப்பாவ நான் கேட்டேன். ஆமான்னாரு. நீ உள்ள இருந்த" என்றார் அதிகாரி. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். அவர் கேட்டது நிஜம். அப்பா ஆமாங்க என்றதும் நிஜம்.

அப்போது நான் சொன்ன பதிலை இன்றைக்குச் சொல்வேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். திங்கட்கிழமையைத் தவிர என் மண்டையில் வேறொன்றும் இல்லை. "அவரு எது கேட்டாலும் ஆமாங்கன்னுதான் சார் சொல்வாரு. வேணும்னா கேட்டுப் பாருங்க."

அதிகாரி நாற்காலியை அப்பா பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யோவ், இந்த வூடு உன்னுது இல்லியாமே?"

"ஆமாங்க சார்."

வேலியோரம் ஒரு சிரிப்பு எழுந்தது. அப்பாவுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. அவரும் லேசாகச் சிரிக்கப் பார்த்தார்.

"இந்த மலையே எங்க தாத்தா எனக்கு எழுதி வெச்சதாமே?"

"ஆமாங்க சார்."

இந்த முறை எழுத்தர்கூடச் சிரித்தார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், அவள் சிரிக்கவில்லை. அப்பாவின் முகம் மாறிவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. என்ன நடக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று இரண்டும் புரிந்துவிட்டது. போதும் சார் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அதிகாரி மூன்றாவதைக் கேட்டுவிட்டார்.

"உனக்குப் பொண்ணே இல்லியாமே?"

அப்பா அதிகாரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க சார்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆமாங்க பழக்கத்தில் வந்ததா, யோசித்து வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பிடித்திருந்த மணிக்கட்டை அவர் மெல்ல உருவிக்கொண்டார்.

அதிகாரி அந்த மூன்று தாள்களையும் வாங்கி நீளவாக்கில் கிழித்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வராது. எழுத்தரிடமிருந்து புதுத் தாளும் பேனாவும் வாங்கி என்னிடம் கொடுத்து, கேள்விகளைத் தான் கேட்பதாகவும் பதிலை நான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். இந்த முறை ஆமா இல்லை என்று சொல்ல முடியாத கேள்விகளாகக் கேட்டார். எந்தச் சாமி, எந்த மாதம், பரிசத்தில் என்னென்ன, செத்தவர்களை எங்கே வைப்பது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆடியில் ஊர்ச் சாமிக்கு என்ன செய்வோம் என்பதை அவர் சொல்லி நான் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். பெரிய சிஸ்டர் பழக்கிய குண்டுக் கையெழுத்தில், வரி பிசகாமல், மூன்று தாள். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அதற்குள் அப்பாவின் விரலில் மை காய்ந்துபோயிருந்ததால் மறுபடி நனைக்க வேண்டியிருந்தது. அவர் அழுத்திய அழுத்தத்தில் ரேகை ஒன்றும் தெரியாமல் நீலத் திட்டாக அப்பிவிட்டது. எழுத்தர் இன்னொரு முறை வைக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை மத்தியானம் சான்றிதழ் கிடைத்தது. அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து, கீழே இறங்கி, காகிதம் வாங்கி, சாயங்காலம் புதுப் பள்ளிக் கேட்டுக்குப் போய்ச் சேரும்வரை அவர் என்னிடம் பேசியது டிக்கெட்டைப் பத்திரமாக வை என்ற ஒன்றுதான். கேட்டில் என் பெட்டியைக் கீழே வைத்தார். ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். தன் துண்டால் துடைக்கக் குனிந்தவர், என்ன நினைத்தாரோ, நிமிர்ந்து திரும்பி நடந்துவிட்டார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இடம் கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று வாட்ச்மேன் நினைத்தார்.

அதற்குப் பிறகு அப்பா யாரிடமும் ஆமாங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை. கீழேயிருந்து யார் வந்தாலும், அவர் கைகட்டாமல், வாய் திறக்காமல் நிற்க ஆரம்பித்தார். வந்தவர்களுக்கு அது திமிராகத் தெரிந்தது. விதை கொடுக்க வந்தவர்கள் ஒரு வருஷம் இவரைத் தாண்டிப் பக்கத்து நிலத்துக்குப் போய்விட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் படித்தேன், பட்டம் வாங்கினேன், தேர்வு எழுதி வேலைக்குப் போனேன். என் படிப்பைப் பற்றி ஊரில் யாராவது பெருமையாகச் சொன்னால் அப்பா எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

இப்போது என் வேலையே மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவதுதான். மலைக்குக் கீழே ஓர் அலுவலகத்தில் என் மேஜைக்கு எதிரே வந்து நிற்கிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். ஆமாங்க மேடம், ஆமாங்க மேடம். நான் எந்தக் கேள்வியையும் இரண்டு முறை கேட்பேன், இரண்டாவது முறை திருப்பிப் போட்டு. நிலம் உங்களுடையதா என்று கேட்டு, கொஞ்சம் கழித்து, நிலம் உங்கள் அண்ணனுடையதா என்பேன். இரண்டுக்கும் ஆமாங்க என்றால் பேனாவை மூடிவிட்டு, டீ வாங்கிவரச் சொல்லி, அவரை உட்கார வைத்து, ஊர்க் கதை பேசி, பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். என் பக்கம் வரிசை நகராது என்று உடன் வேலை பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அந்தக் கான்வென்ட் படிப்பால் உனக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் எனக்கு அடிமட்டம் ஞாபகம் வரும், முட்டை ஞாபகம் வரும், அப்பா உருவிக்கொண்ட கை ஞாபகம் வரும். அது கொடுத்ததையும் எடுத்ததையும் என்னால் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

போன வருஷம் அப்பாவுக்குக் குடலில் அடைப்பு. மலையிலிருந்து அமிர்தி வழியாக வேலூருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் வயிறு கல்லாகிவிட்டது. உடனே அறுவை செய்ய வேண்டும் என்றார்கள். ஒரு செவிலியர் ஓடிவந்து சம்மதப் படிவத்தை நீட்டினார், நான்கு பக்கம். என் கையில் அப்பாவின் துண்டு, சட்டை, இடுப்புக் கயிறு எல்லாம் இருந்தன. செவிலியர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த பக்கத்தில் காட்டினார், போட்டேன். அம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மூன்றாவது பக்கத்திலும் போட்டேன். அவித்த முட்டை வாசனை எதுவும் வரவில்லை.

படுக்கையிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். செவிலியர் கடைசிப் பக்கத்தோடு அவரிடம் போய், பெரியவரே, நீங்களும் ஒரு கைநாட்டு வையுங்கள், சம்மதம்தானே என்றார். அப்பா கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன். வலியில் அவர் உதடு வெளுத்திருந்தது.

"படிச்சியா?"

"ஆமாப்பா" என்றேன்.

சொன்ன உடனே எனக்கு உடம்பு கூசியது. அப்பா என் முகத்தையே பார்த்தார். காலம் முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித் தேய்த்த மனிதர் அவர். எந்த ஆமா உள்ளேயிருந்து வருகிறது, எது வெறும் சத்தம் என்று அவருக்கா தெரியாது. அவர் கோபப்படவில்லை. வருஷக்கணக்காக என்னை நேராகப் பார்க்காமல் இருந்தவர் அன்றைக்குப் பார்த்தார்.

"ஆமாவா?" என்றார். "படிம்மா. நான் கேக்குறேன்."

செவிலியரிடமிருந்து நான்கு பக்கத்தையும் திரும்ப வாங்கினேன். நேரமில்லை என்று சொல்ல வந்தவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். மயக்க மருந்தில் என்ன ஆகலாம், ரத்தம் எதற்கு ஏற்றுவார்கள், குடலில் எவ்வளவு வெட்ட வேண்டியிருக்கலாம், திரும்பி வராமலும் போகலாம் என்ற வரி உட்பட, முதல் எழுத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். குரல் உடைந்த இடத்தில் நிறுத்தி, அந்த வரியை மறுபடி படித்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு வரிக்கும் ஆமா என்று சொல்லவில்லை.

முடித்ததும் கண்ணைத் திறந்தார். போர்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து, கட்டைவிரலை என்னிடம் நீட்டினார்.